கயிறு யார் கையில்?

முத்துக்குளிக்கிறவர் கடலுக்குள் இறங்கும்போது அவரிடம் என்னென்ன இருக்கும் தெரியுமா? இடுப்பில் ஒரு துணி. தோளில் ஒரு வலைப்பை. காலடியில் கயிறு கட்டிய ஒரு கல். நெஞ்சுக்குள் ஒரு மூச்சு. அவ்வளவுதான். கல்லின் பாரத்தில் சரசரவென்று அடிக்குப் போவார். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்; மேலே தோணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். அதற்குள் கையில் அகப்பட்ட சிப்பியையெல்லாம் பைக்குள் அள்ளிப் போட்டுவிட்டு, இன்னொரு கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் சட்டென்று தூக்கிவிட வேண்டும்.

கயிறு பிடிக்கிற அந்த ஆள்தான் இதில் முக்கியம். கொஞ்சம் அசந்தால், பராக்குப் பார்த்தால், கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அண்ணன் தம்பிக்குக்கூட சொத்து, பங்கு என்று ஒரு கணம் மனசு மாறலாம். கூடப் பிறந்தவளின் தாலி அறுவதை எந்த மச்சானும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்பது கணக்கு!

இந்த மச்சானைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் நாம் பேசப்போவது வீல்சேரைப் பற்றி. குறிப்பாக, ஆளை உட்காரவைப்பதோடு விட்டுவிடாமல், எழுப்பி நிறுத்தி, நடக்கவும் பழக்குகிற வீல்சேரைப் பற்றி. தூத்துக்குடிக் கடலுக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கோலி சோடாவை உடைத்தாக வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் கடலைப் பார்த்துவிடலாம்.

*

கொற்கை என்ற பெயர் சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்க மாலுமிகளுக்குத் தெரிந்திருந்தது. காரணம், முத்து. அந்தக் காலத்துக் கடல் வணிகக் கையேடான பெரிப்ளூஸ், இந்தப் பக்கம் முத்தெடுக்கத் தண்டனைக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறது. ராணிகளின் கழுத்துக்குப் போகிற பொருளை எடுக்க உயிர் போனாலும் பரவாயில்லை என்கிற ஆட்கள்! தொழிலின் ஆபத்து என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இன்னும் விவரமாகச் சொல்கிறார். எடுக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, மந்திரம் சொல்லிப் பெரிய மீன்களின் வாயைக் கட்டுகிறவர்களுக்கு. 'கடல்கட்டி' என்று பின்னால் பெயர் பெற்ற ஆட்கள் இவர்கள்தான். கரையில் உட்கார்ந்து மந்திரம் சொன்னால் சுறா கிட்டே வராது என்று நம்பிக்கை. நம்பிக்கைக்குச் சம்பளம் அரசாங்கக் கணக்கில்!

அப்புறம் போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள். 1658-ல் அவர்களைத் துரத்திவிட்டு டச்சுக்காரர்கள். அவர்களுக்கும் பின்னால் ஆங்கிலேயர்கள். பங்கு வாங்குகிற கை மாறிக்கொண்டே இருந்தது. குளிக்கிறவரின் கல்லும் கயிறும் மட்டும் மாறவே இல்லை. மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதற்கப்புறம் சிப்பி வளம் தேறவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்தே காட்டினார்கள். அது தனிக் கதை.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. கல்லைக் கட்டிக்கொண்டு குளித்தவர்களுக்குச் சுறா பயம் உண்டு. காது கிழியும். மூக்கில் ரத்தம் வரும். மூச்சு முட்டிச் செத்தவர்களும் உண்டு. ஆனால் நல்லபடியாகக் கரையேறிய ஆள், அரை மணி நேரம் கழித்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் சரிகிற ஆபத்து அவர்களுக்கு ரொம்பக் குறைவு. ஏன்?

இப்போது அந்தக் கோலி சோடாவை எடுங்கள்.

*

சோடாவில் காற்றை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். மூடியிருக்கிற வரை தண்ணீர் தெளிவாக, சமர்த்தாக இருக்கும். கோலியைத் தட்டிய அடுத்த கணம் புஸ்ஸென்று நுரை பொங்கும். அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று, அழுத்தம் போனதும் குமிழியாக வெளியே வருகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

மனித உடம்பும் இதில் ஒரு சோடா பாட்டில்தான். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும், நாம் கரையில் தாங்குகிற காற்றழுத்தத்தின் அளவுக்கு இன்னொரு மடங்கு சேர்ந்துகொள்கிறது. மூச்சடக்கிப் போகிறவர் எடுத்துப் போவது ஒரே ஒரு மூச்சுக் காற்று. அதிலிருந்து ரத்தத்தில் கரைகிற நைட்ரஜன் கொஞ்சம்தான். (பசிபிக் கடலில் துவாமோத்து தீவுக்காரர்கள் இதைவிட மிக ஆழத்துக்கு, நாள் பூராவும் திரும்பத் திரும்ப மூச்சடக்கிக் குளித்து முடங்கிப்போனது உண்டு. அது விதிவிலக்கு.) ஆனால் குழாய் வழியாக அழுத்தக் காற்றை அடியிலேயே மணிக்கணக்கில் சுவாசித்தால்? ஒவ்வொரு மூச்சிலும் நைட்ரஜன் உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். கீழே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வேகமாக மேலே வந்தால் கோலி தட்டின கதைதான். குமிழிகள். மூட்டில் வந்தால் வலி உயிர் போகும். முதுகுத்தண்டு நரம்பில் வந்தால் கால் போகும்.

இதை உலகம் தெரிந்துகொண்டது கடலில்கூட இல்லை, பாலத்தில். நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியபோது, ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய ராட்சதப் பெட்டிகளுக்குள் ஆட்கள் இறங்கி மண் தோண்டினார்கள். மேலே வந்தவர்கள் உடம்பு மடங்கி விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-ல் விழுந்தார். பாலம் 1883-ல் முடிகிற வரை அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்க, அவருடைய மனைவி எமிலிதான் கட்டுமான இடத்துக்கும் வீட்டுக்கும் நடந்து வேலையை நடத்தினார். 1878-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர் இந்த வியாதிக்குக் காரணம் நைட்ரஜன் என்றார். 1908-ல் ஹால்டேன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டுச் சோதனை செய்து, எத்தனை ஆழத்தில் எத்தனை நேரம் நின்று நின்று மேலே வர வேண்டும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆக, 1908-லிருந்து இது தெரியாத வியாதி இல்லை. இருந்தும் என்ன நடந்தது? கிரீஸில் கடற்பஞ்சு எடுத்தவர்கள், ஆஸ்திரேலியாவின் புரூமில் முத்துச்சிப்பி எடுத்த ஜப்பானியர்கள், மத்திய அமெரிக்காவில் சிங்கி இறால் பிடிக்கிற மிஸ்கிட்டோ பழங்குடி ஆட்கள் என்று வரிசையாக முடங்கினார்கள். புரூமில் ஜப்பானியர்களுக்கென்று ஒரு பெரிய கல்லறைத் தோட்டமே இருக்கிறது. இறந்தும் முடங்கியும் போன 42 மிஸ்கிட்டோக்காரர்களின் வழக்கில், 2021-ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் ஹோண்டுராஸ் அரசாங்கத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்புச் சொன்னது.

நம் தூத்துக்குடியில் முத்து நின்றாலும் சங்கு நிற்கவில்லை. வங்காளத்துக் கல்யாணப் பெண்கள் கையில் ஏறுகிற வெள்ளை வளையலுக்கு மூலப்பொருள் இந்தக் கடல் சங்குதான். மூச்சடக்கிக் குளித்த தலைமுறைக்கு அப்புறம் வந்தவர்கள், படகில் கம்ப்ரசரை வைத்து, நீளக் குழாயில் காற்றை இழுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். அதிக நேரம் இருக்கலாம். அதிக சங்கு. ஹால்டேன் அட்டவணை படகில் இருக்காது. சுண்டினால் தூக்கிவிடுகிற கயிறுதான் முன்பு உயிரைக் காப்பாற்றியது. இப்போது அதே வேகம்தான் ஆளை முடக்குகிறது. முரண்பாடு புரிகிறதா?

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து ஏறியவருக்குக் கால் மரத்தால், சிறுநீர் போக முடியாவிட்டால், 'அசதி, தூங்கினால் சரியாகும்' என்று விடாதீர்கள். படுக்கவைத்து, முழு ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை வசதி உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். அங்கே மறுபடி அழுத்தம் கொடுத்து, குமிழியைச் சுருக்கி, மெதுவாக இறக்குவார்கள். சீக்கிரம் போனவர்களில் நிறையப் பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள்.

*

சரி, முடங்கியாகிவிட்டது. அடுத்து?

எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. முதுகுத்தண்டு அடிபட்டவர் படுக்கைப்புண்ணிலோ சிறுநீர்த் தொற்றிலோ செத்துப்போவார் என்பதே உலகம் பூராவும் டாக்டர்களின் எதிர்பார்ப்பு. அதை மாற்றியவர் லுட்விக் குட்மன். ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத டாக்டர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்கிற ஊரில் முதுகுத்தண்டு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அவர் செய்த முதல் புரட்சி என்ன தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னது! ராத்திரியிலும்தான். அவரே வந்து பார்ப்பார். சாவு குறைந்தது. 1948-ல் வீல்சேர்க்காரர்களை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்ஸ் அதிலிருந்து பிறந்தது.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து உலகத்துக்குக் கிடைத்த இன்னொன்று, அடிபட்ட அளவைத் தரம் பிரிக்கும் முறை. 1969-ல் ஃபிராங்கெல் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. இப்போது உலகம் முழுவதும் பயன்படுவது அதன் திருத்திய வடிவம். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. பி என்றால் உணர்ச்சி மட்டும் உண்டு. சி என்றால் அசைவு உண்டு, ஆனால் பலம் போதாது. டி என்றால் பாதிக்கு மேற்பட்ட தசைகள் பூமியின் இழுப்பை எதிர்த்து அசையும். ஈ என்றால் சகஜம்.

இந்த ஐந்து எழுத்து ஏன் முக்கியம் என்று அடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன் நாற்காலியின் கதையை நாலு வரியில்.

1655-ல் ஜெர்மனியில் ஸ்டீஃபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி, நடக்க முடியாதவர், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியைத் தனக்காகத் தானே செய்துகொண்டார். 1933-ல் அமெரிக்காவில், சுரங்க விபத்தில் முதுகு உடைந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட், தன் நண்பர் ஜென்னிங்ஸோடு சேர்ந்து, காரில் மடக்கி வைக்கிற இரும்புக்குழாய் நாற்காலியைச் செய்தார். நாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்கிற நாற்காலி இன்றைக்கும் அதன் பேரன்தான். 1978-ல் பறக்கும் விளையாட்டில் விழுந்து கால் இழந்த மேரிலின் ஹாமில்டனுக்கு அந்த இரும்பு யானை பிடிக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து, பறக்கும் கருவிக்குப் பயன்படுத்துகிற அலுமினியக் குழாயிலேயே லேசான நாற்காலியைச் செய்துகொண்டார்.

கவனித்தீர்களா? மூன்று பேரும் உட்கார்ந்தவர்கள். தங்கள் உடம்பையும் தங்கள் தெருவையும் அளந்து செய்தவர்கள். நாற்காலி தேர்ந்தெடுப்பதின் முதல் பாடம் இங்கேயே முடிந்துவிட்டது.

*

இப்போது ஒரு வீட்டை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் கடலோரத் தெரு. வயசு இருபத்தாறு. சங்குக்குப் போன பையன். விழுந்து நாலு மாசம். ஒரு காலில் கட்டைவிரல் அசைகிறது. சொந்தக்காரர் ஒருவர் செல்போனில் வீடியோ காட்டுகிறார். மோட்டார் வைத்த நாற்காலி. பட்டனை அமுக்கினால் ஆளை மார்போடும் இடுப்போடும் பெல்ட்டால் பிடித்து அப்படியே எழுப்பி நிறுத்துகிறது. அந்த மனிதர் காலெடுத்து வைக்கிறார்! 'இதை வாங்கினால் நம்ம பையன் நடந்திருவான்ல?' வீட்டில் மீதி இருப்பது மனைவியின் நகை. எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள்.

நகையை எடுப்பதற்கு முன்னால் சில கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, பையன் எந்த எழுத்து? முழுதாக அறுந்த ஏ என்றால், நடைப்பயிற்சி நாற்காலி அவரை நடக்கவைத்துவிடாது. ஆனால் எழுந்து நிற்பதற்கே தனிப் பலன் உண்டு. புட்டத்தின் மேல் இருக்கும் பாரம் விலகும். மூட்டுகள் மடங்கியபடியே இறுகாது. எதிரே நிற்பவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசலாம். இது சின்ன விஷயமில்லை. அவருக்கு நிற்கும் நாற்காலி போதும். நடைப்பயிற்சி வகை நிஜமாகப் பலன் தருவது சி, டி ஆட்களுக்கு. நம் பையனின் கட்டைவிரல் அசைகிறதே, அது நல்ல சேதி. எழுத்தைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், கடைக்காரர் இல்லை.

இரண்டாவது, உடம்பு நிற்கத் தயாரா? மாசக்கணக்கில் படுத்தவரைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுவார். சாய்பலகையில் கட்டி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பழக்குவார்கள். பாரம் தாங்காத எலும்பு மெலிந்துபோயிருக்கும், முறியலாம். முழங்கால், இடுப்பு, கணுக்கால் முழுசாக நீளுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் மெஷினில் மாட்டினால் நிற்கப் போனவர் மாவுக்கட்டோடு திரும்புவார்.

மூன்றாவது, அளவு. சட்டைக்கு அளவெடுக்கிறோம். நாள் பூராவும் உட்காருகிற நாற்காலிக்கு எடுப்பதில்லை! இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தோடு பொருந்த வேண்டும். முழங்காலின் மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழையட்டும். கால்பலகை உயரம் சரியாக இல்லையென்றால் பாரம் முழுக்கப் புட்டத்தின் எலும்பில் விழும்; புண் வரும். எழுப்பி நிறுத்துகிற வகையில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். நாற்காலியின் மூட்டும் அவருடைய முழங்கால், இடுப்பு மூட்டும் ஒரே இடத்தில் மடங்க வேண்டும். இல்லாவிட்டால் எழும்பும்போது தோல் உரசும். உணர்ச்சி இல்லாத தோல் 'வலிக்குது' என்று சொல்லாது. முழங்கால் தாங்கி, மார்புப் பட்டை, இடுப்புக் கச்சு மூன்றையும் அவர் உடம்பில் மாட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நாலாவது, தெரு. வீடியோவில் இருந்தது பளிங்குத் தரை. நம் தெருவில் மணல், வாசப்படி, சாக்கடை மூடி. மோட்டாரும் பேட்டரியும் வைத்த நாற்காலி ஆளைவிடக் கனமாகிவிடும். படியில் யார் தூக்குவது? கதவு எத்தனை அங்குலம்? கடல் உப்புக் காற்றில் இரும்பும் பேட்டரி முனையும் எத்தனை நாள் தாங்கும்? பழுதானால் பார்க்க ஆள் எங்கே இருக்கிறார்? மூலையில் இருக்கும் சைக்கிள் கடைக்காரரால் சரிசெய்ய முடிகிற நாற்காலிக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

அடுத்ததுதான் பெரிய கேள்வி.

*

உடம்பின் பாரத்தைக் கச்சையால் மேலிருந்து தாங்கிக்கொண்டு நடைபழக்கும் யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பூனையிடமிருந்து! முதுகுத்தண்டு அறுந்த பூனையை ஓடும் பட்டையின் மேல் தாங்கிப்பிடித்துப் பழக்கினால், பின்னங்கால்கள் நடையை மறுபடி கற்றுக்கொள்வதை 1980-களில் கனடாவின் மாண்ட்ரியலில் காட்டினார்கள். மூளையின் உத்தரவு இல்லாமலே, நடையின் தாளம் முதுகுத்தண்டுக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மனிதர்களுக்கு வந்தது. ஓடும் பட்டை, மேலே கயிறு, காலை நகர்த்த ரோபோ என்று விலை ஏறிக்கொண்டே போனது.

2006-ல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. புதிதாக முதுகுத்தண்டு அடிபட்ட, முழுதாக அறுபடாத 146 பேர். ஒரு பாதிக்குக் கச்சையும் ஓடும் பட்டையும். இன்னொரு பாதிக்கு, அதே அளவு நேரம், தரையிலேயே கம்பியைப் பிடித்துப் பயிற்சி. முடிவு? இரண்டு பக்கமும் ஒன்றுதான்! சி, டி தரத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டு பக்கமும் நடந்தார்கள். 2011-ல் பக்கவாதம் வந்த 408 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. இங்கே எதிர்ப்பக்கம் இருந்தது வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட் வந்து கொடுத்த பயிற்சி. அதிலும் அதே முடிவு. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடை தேறியிருந்தது.

மெஷின் தண்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. கனமான ஆளை இரண்டு பேர் தூக்கிப்பிடிக்க வேண்டிய இடத்தில் மெஷின் ஒரு ஆளின் வேலையை லேசாக்கும். விழுகிற பயம் போகும். பயிற்சி நேரம் கூடும். ஆனால் ஆளை நடக்கவைப்பது அந்த நேரமும், தினமும் பக்கத்தில் நின்று 'இன்னும் ஒரு எட்டு' என்று சொல்கிற பயிற்சியாளரும். அவர் இல்லாமல் மெஷின் மட்டும் வீட்டுக்கு வந்தால் ஆறு மாசத்தில் அதன் மேல் துணி காயும்.

மச்சானை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான். கல்லையும் கயிற்றையும் எந்தக் கடையிலும் வாங்கலாம். மேலே யார் பிடித்திருக்கிறார்கள் என்பதில்தான் கீழே போனவரின் உயிர்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வீல்சேர் கொடுப்பதற்கு எட்டுப் படி சொன்னது. ஆளைக் கண்டுபிடித்து அனுப்புவது, உடம்பையும் வீட்டையும் பார்ப்பது, எந்த நாற்காலி என்று எழுதுவது, பணம் ஏற்பாடு செய்து வாங்குவது, தயார் செய்வது, உடம்போடு பொருத்துவது, பழக்குவது, அப்புறம் போய்ப் பார்ப்பது. எட்டில் வாங்குவது ஒரே ஒரு படி. நாம் அதை மட்டும் செய்துவிட்டு மிச்சம் ஏழையும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறோம்!

*

கயிறு பிடிக்க நம் பக்கத்தில் ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அதுவும் கீழே போய்த் திரும்பி வந்தவர்களே.

மேரி வர்கீஸ் வேலூர் சி.எம்.சி. டாக்டர். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் அவர் முயற்சியில் உருவான மறுவாழ்வு நிலையம், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கி, பழகி, வீடு திரும்புகிற இடமானது.

தூத்துக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி. அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரிக்கான உடல்தகுதித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். கடலுக்குப் போக ஆசைப்பட்ட பொறியியல் மாணவர்! 1981-ல் ஒரு ஓலைக் கொட்டகையில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னால் தசைச்சிதைவு நோயோடு வீல்சேரில் வந்து சேர்ந்தார் சங்கர ராமன் என்கிற ஆடிட்டர். இன்றைக்கு ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுக்கிற பெரிய அமைப்பு அது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசனின் குழு, 'அரைஸ்' என்ற நிற்கும் நாற்காலியை 2019-ல் வெளியிட்டது. மோட்டார் கிடையாது. உட்கார்ந்திருப்பவரே கைப்பிடியை அழுத்தி எழுந்துகொள்ளலாம். நம் தரை, நம் உயரம், நம் பணப்பை மூன்றையும் யோசித்துச் செய்தது.

ஆகவே அந்தக் கடலோர வீட்டுக்காரர்களுக்கு: நகையை இப்போதைக்கு உள்ளேயே வையுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பையன் பெயரைப் பதிந்து, அரசாங்கத்தில் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். மறுவாழ்வு மருத்துவரிடம் எழுத்தைக் கேளுங்கள். அளவெடுத்த சாதாரண வீல்சேரும் நல்ல மெத்தையும் முதலில் வரட்டும். உட்காரும் உடம்பைப் புண் இல்லாமல் காப்பாற்றினால்தான் நிற்கிற நாள் வரும். பயிற்சி மையத்தில் இருக்கிற மெஷினில் பையனை ஏற்றி நாலு வாரமாவது பாருங்கள். பலன் தெரிந்து, தினமும் கூட நின்று பழக்க ஆளும் இருந்தால், அப்போது வாங்குவது பற்றிப் பேசலாம்.

கட்டைவிரல் அசைந்தது என்றேன் இல்லையா? கடலுக்கடியிலிருந்து முத்துக்குளிக்கிறவர் கயிற்றைச் சுண்டுகிற மாதிரிதான் அது. மேலே இருப்பவர்கள் பராக்குப் பார்க்காமல் இருக்க வேண்டும்.